பழைய ஜென்னுக்கு ஒத்துப்போகும் சாவி கிடைத்த கதை, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அப்பா 1998-ல் வாங்கிய மாருதி ஜென் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது, திருச்சியில் தினமும் ஓடுகிறது. வாங்கும்போது கொடுத்த இரண்டு சாவிகளில் ஒன்று எப்போது தொலைந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மற்றதை வைத்தே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம்.

போன ஐப்பசி மழையில்தான் சிக்கல் தொடங்கியது. சாவி உள்ளே போகும், திரும்பாது. ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே திருப்பினால் சில நாள் திரும்பியது (ஸ்டியரிங் லாக் இறுகி நின்றாலும் இப்படித்தான் ஆகும், அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்), அப்புறம் அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் சாவியை முழுக்கச் செருகி, நூலளவு வெளியே இழுத்துப் பிடித்துத் திருப்பினால்தான் வண்டி கிளம்பும் என்ற நிலை. சாவி தேய்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. அது அப்போது எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி போடுகிறவரிடம் போனேன். பழைய சாவியை மெஷினில் ஒரு பக்கம் மாட்டி, மறுபக்கம் புதுப் பிளாங்கை (பல் வெட்டாத வெற்றுச் சாவி) மாட்டி, ஐந்து நிமிடத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டார். எண்பது ரூபாய். கதவு அழகாகத் திறந்தது, ஆனால் இக்னிஷன் அசையவே இல்லை. அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார், கதவும் திறக்காமல் போனது. அடுத்த வாரம் இன்னொருவர் வெட்டியதும் அதே கதை. மூன்றாமவரிடம் இருந்த பிளாங்க் முக்கால்வாசி உள்ளே போய் நின்றுவிட்டது, வெட்டவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் சாவியையும் அந்தப் பிளாங்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. நுனியை நேருக்கு நேர் பிடித்துப் பார்த்தபோதுதான் பக்கவாட்டில் ஓடும் பள்ளம் ஒன்றில் நடுவிலும் மற்றதில் சற்று கீழேயும் இருப்பது தெரிந்தது. ஜென் தயாரிப்பையே 2006-ல் நிறுத்திவிட்டார்கள். எல்லாக் கடையிலும் அதற்குச் சரியான பிளாங்க் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது சாவியை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது உதிரிபாகக் கடைகள், புதுப்பேட்டைச் சந்துகளில் பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்ட சாமான்கள். அங்கே விசாரித்து விசாரித்து ஒரு பெரியவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் மெஷினைத் தொடவே இல்லை. சாவியை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பாருங்க தம்பி, பல்லெல்லாம் சோப்பு கரைஞ்ச மாதிரி இருக்கு. இதைப் பார்த்து வெட்டினா தேய்மானத்தையும் சேர்த்துத்தான் வெட்ட முடியும்" என்றார். நான் அலைந்த ஒன்றரை மாதமும் அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது.

பூட்டின் உள்ளே மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றும் ஒரு ஸ்பிரிங்கின் மேல் நிற்கின்றன. சாவியின் ஒவ்வொரு பள்ளமும் தன் தகட்டைச் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் உருளை திரும்பும். ஒரே ஒரு தகடு அரை மில்லிமீட்டர் வெளியே துருத்தினாலும் திரும்பாது. சில வண்டிகளில் இக்னிஷனில் உள்ள தகடுகளில் ஒன்றிரண்டு கதவில் இருக்காதாம். கதவு திறக்கிற சாவி இக்னிஷனில் மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் கேட்டது ஒன்றுதான், "இடது பக்கக் கதவைச் சாவி போட்டு எத்தனை தடவை திறந்திருப்பீங்க?" யோசித்தால் பத்துத் தடவைகூட இருக்காது. "அப்ப அந்த லாக்கைக் கழட்டிக் கொண்டாங்க. அதுல தகடு புதுசா இருக்கும்."

ஊருக்கு வந்து மெக்கானிக்கை வைத்து இடது கதவு லாக்கைக் கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். பெரியவர் முதலில் ஆர்சி புத்தகம் கேட்டார். பிறகு ஒரு தட்டில் துணி விரித்து, தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை மாறாமல் வைத்து, சரியான பிளாங்கைத் தேடி எடுத்து அரத்தால் வெட்டினார். நடுநடுவே உருளையில் போட்டுத் திருப்பிப் பார்ப்பதும் மறுபடி அரத்தை எடுப்பதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு சாவிக்கு 600 ரூபாய். இரவு வீட்டுக்கு வந்ததும் இக்னிஷனில் போட்டேன், இழுக்காமல் ஆட்டாமல் திரும்பியது. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடையிலிருந்து கிளம்பும்போது பெரியவர் சொன்னது இன்னொன்று: லாக்குக்குள் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிச் சேறாகிவிடும். கிராஃபைட் தூள் போதும், கிடைக்காவிட்டால் பென்சில் கரியைச் சுரண்டிப் போடலாம்.

பதில், கோவையிலிருந்து:

நல்ல பதிவு சார். என்னுடையது 2007 ஸ்விஃப்ட், அதில் பிரச்சினை வேறு மாதிரி. சாவியின் பிளாஸ்டிக் மண்டை உடைந்துவிட்டதென்று ஆன்லைனில் ஒரு கூடு வாங்கி, அலகை அதே அளவுக்கு வெட்டி வாங்கினேன். சாவி திரும்புகிறது, ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை, மீட்டரில் ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. பழைய மண்டைக்குள் புளியங்கொட்டையைவிடச் சின்னதாக ஒரு கறுப்புத் துண்டு ஒட்டியிருந்திருக்கிறது, அதுதான் சிப். அதற்கு பேட்டரி கிடையாது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது, சாவி பக்கத்தில் வந்ததும் அதுவே சிப்புக்கு மின்சாரம் கொடுத்து எண்ணைக் கேட்டு வாங்கும். எண் சரியாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். மாருதி இதற்கு ஐகேட்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. நல்லவேளையாக உடைந்த கூட்டை வீட்டுக்காரம்மா குப்பையில் போடாமல் டப்பாவில் வைத்திருந்தார், சிப்பை எடுத்துப் புதுக் கூட்டில் ஒட்டினேன், உடனே கிளம்பியது. இரண்டு சாவியும் தொலைந்திருந்தால் புதுச் சிப் வாங்கி வண்டியின் கணினியில் பதிவு செய்துதான் ஆக வேண்டும். சாவி வெட்டுகிற எல்லாரிடமும் அதற்கான கருவி இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. சாவி தொலைந்தால் போலீசில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி திருடு போய் இன்சூரன்ஸ் கேட்கும்போது இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆயிரம் கேள்வி வரும்.

பதில், யாழ்ப்பாணத்திலிருந்து:

அண்ணை, எங்கட பக்கம் சாவி எண்டு சொல்ல மாட்டம், திறப்பு எண்டுதான் சொல்லுறது. என்னட்ட இருக்கிறது கொரோலா 110, ஜப்பானில ஓடி ரீகண்டிஷனா வந்த வாகனம். ஒரே ஒரு திறப்போடதான் வந்தது, அதுவும் வேற ஆரோ வெட்டின கொப்பி. கொழும்புக்குப் போகேக்க பஞ்சிகாவத்தையில பழைய லொக் செட் ஒண்டு வாங்கிப் போடுவம் எண்டு விலை கேட்டன். அங்க ஒருத்தர்தான் வேண்டாம் எண்டு மறிச்சார். பயணி பக்கக் கதவு லொக்கைக் கழட்டிப் பாருங்கோ, உருளையில நம்பர் அடிச்சிருக்கும் எண்டார். உள்ளதுதான், கிறீசைத் துடைச்சுப் பாக்க ஐஞ்சு இலக்கம் இருந்தது. அந்த நம்பரைக் குடுத்து வெட்டின திறப்பு முதல் தரமே வேலை செய்தது, பழைய கொப்பியைப் பாக்கவே தேவைப்படேல்ல. லொக் செட் மாத்தியிருந்தா இக்னிஷன் லொக்கின்ர போல்ட்டுகளையும் உடைக்க வேண்டி வந்திருக்கும், அதுகளின்ர தலையைப் பூட்டேக்கையே முறிச்சு விட்டிருப்பாங்கள், சாதாரண ஸ்பானர் பிடிக்காது. அதால ஆரும் லொக்கை மாத்தச் சொன்னா, முதல்ல நம்பரைத் தேடச் சொல்லுங்கோ.

மீண்டும் நான்:

கோவை நண்பருக்கு நன்றி, புகார் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, எங்கள் தொலைந்த சாவிக்கும் இனிதான் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தம்பி, நீங்கள் சொன்னபடி எங்கள் லாக்கிலும் எண் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமலே திருப்பிப் பூட்டிவிட்டோம். டிக்கி லாக் இன்னும் கை படாமல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வருகிறார், கழற்றித் துடைத்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.