புதுத் தொட்டியில் மூச்சு வாங்கிய கப்பிகள்: புதுப்பிப்பு

புதுத் தொட்டியில் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகின்றன, தண்ணீரும் பால் மாதிரி கலங்கியிருக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். மீன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவைப் பாருங்கள் என்று பலரும் சொன்னீர்கள். பார்த்தேன். சொட்டு மருந்து விட்டதும் சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் பச்சையாக மாறியது. அம்மோனியா ஏறித்தான் இருந்தது.

தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றினேன், குளோரின் நீக்கிய தண்ணீராக. தீனியையும் குறைத்தேன். எல்லாவற்றையும் விடக் கைகொடுத்தது, நண்பரின் பழைய தொட்டி ஃபில்டரிலிருந்து வாங்கிவந்த ஸ்பாஞ்ச். பழுப்பேறி, வழவழவென்று, பார்க்க வெறும் அழுக்கு. ஆனால் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது தானாக வளர 4 முதல் 6 வாரம்கூட ஆகும்.

நடுவில் நைட்ரைட் ஏறியது; அதுவும் மீனுக்கு நஞ்சுதான். அப்போது கொஞ்சம் கல் உப்பைக் கரைத்து விட்டேன். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். கப்பி உப்பைத் தாங்கும். கோரிடோராஸ் என்ற கெளுத்தி வகை மீன் வைத்திருப்பவர்கள் பார்த்துச் செய்யுங்கள்.

இப்போது அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். கலங்கல் தெளிந்துவிட்டது, மீன்கள் வாலை விரித்துத் திரிகின்றன. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலசுகிறேன்; குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

அப்புறம், ஏஞ்சல் மீன் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: கப்பியோடு வேண்டாம், குஞ்சுகளை விழுங்கிவிடும்.