கெஷ்: விலக்கா, விரதமா, தளையா?

அனைவருக்கும் வணக்கம்.

ஐரிஷ் தொன்மக் கதைகளை வைத்து நாம் எழுதும் பகடை ஆட்ட நூலின் அரசர்கள் அதிகாரத்தையும் வீரர்கள் அதிகாரத்தையும் இந்த வாரம் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கதைகளில் ஒருவர்மேல் விழும் 'செய்', 'செய்யாதே' என்ற கட்டுக்குப் பெயர் கெஷ். அதற்கு முதலாவதில் 'விலக்கு' என்றிருக்கிறது, இரண்டாவதில் 'விரதம்'. விதிப்பகுதியில் தம்பி 'கெஷ்' என்று அப்படியே போட்டிருக்கிறார். மூன்றும் ஒன்றுதான் என்று புதிதாக ஆட வருபவருக்கு எப்படித் தெரியும்? சேர்ப்பதற்கு முன் ஒரு சொல்லில் நிற்போம். என் வாக்கு 'தளை'க்கு. வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> கெஷ் என்றே விட்டால் என்ன? ட்ரூயிடை அப்படித்தானே விட்டோம்.

ட்ரூயிட் (பழைய ஐரிஷ் பூசாரி) ஒரு வகை ஆளைக் குறிக்கும் பெயர், வாக்கியத்தில் சும்மா நின்றால் போதும். கெஷ் அப்படி நிற்காது. ஒருவர் இன்னொருவர் மேல் அதைப் போடுவார், அவர் காப்பார், ஒருநாள் அது முறியும். மேசையில் பகடையோடு உட்கார்ந்திருப்பவர்கள் அதை வினையாகத்தான் பேசப்போகிறார்கள். போதாததற்கு ஐரிஷில் அதன் பன்மை வேறு உருவம் எடுக்கும், ஏறத்தாழ 'கியஸ' என்று ஒலிக்கும். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்களோ 'கேஸ்' என்பார்கள். 'கூஹுலின் மேல் ரெண்டு கேஸ் இருக்கு' என்று சோதனை ஆட்டத்தில் ஒருவர் சொன்னால் போதும், அப்புறம் அன்றைக்கு ஆட்டம் அந்த வீரனின் நாடான உல்ஸ்டருக்குப் போகாது, காவல் நிலையத்துக்குத்தான் போகும். அருஞ்சொல் பட்டியலில் அடைப்புக்குறிக்குள் ஒருமுறை 'கெஷ்' இருக்கட்டும், அது போதும்.

> விலக்கு நல்ல தமிழ்ச்சொல். மதுவிலக்கு என்றால் எல்லோருக்கும் புரிகிறதே.

புரியும் அக்கா. வரிவிலக்கும் புரியும், அங்கேதான் சிக்கல். 'அரசனுக்கு எட்டு விலக்குகள்' என்று தலைப்பிட்டால், பாதிப் பேர் அவனுக்கு எட்டுச் சலுகை என்று படிப்பார்கள். இன்றைய செய்தித்தாள் தமிழில் அந்தப் பொருள்தான் முந்திக்கொள்கிறது. 'மூன்று நாள் விலக்கு' என்று ஒரு பெண் பாத்திரத்துக்கு எழுதினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பொருளிலும் இடிக்கிறது. விலக்கு 'செய்யாதே'யோடு நின்றுவிடும். கெஷில் 'செய்தே ஆகவேண்டும்' என்பதும் உண்டு. உல்ஸ்டர் வீரன் ஃபெர்குஸ் மாக் ரோய்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு அழைத்தால் அவன் மறுக்கக்கூடாது. அரசன் கோனரிடமிருந்து தப்பி ஓடிய டெய்ட்ரெவுக்கும் அவளோடு போன உஷ்னெக்கின் மகன்களுக்கும் தன் உயிரைப் பிணையாகச் சொல்லி அயர்லாந்துக்கு அழைத்து வருகிறான். கரை இறங்கியதும் போர்ராக் என்பவன் விருந்துக்குக் கூப்பிடுகிறான். ஏற்பாடு செய்தது கோனர். ஃபெர்குஸுக்கு என்ன நடக்கிறதென்று தெரிகிறது, கோபத்தில் முகம் சிவக்கிறது, ஆனாலும் விருந்தில் உட்காருகிறான். அவர்களுக்குத் துணையாகத் தன் மகன்களைத்தான் அனுப்ப முடிகிறது. கோனரின் தலைநகரான எவின் மஹாவில் உஷ்னெக்கின் மகன்கள் கொல்லப்படுகிறார்கள். இதை 'விலக்கு' என்று எந்த வழியில் சொல்வது?

> விரதம் / நோன்பு?

இதற்கு இரண்டு தடைகள். முதலாவது, நோன்பு நமக்கு வேறு இடத்தில் தேவைப்படுகிறது. பழைய ஐரிஷ் சட்டத்தில் ட்ரோஸ்கத் என்று ஒன்று உண்டு: பெரிய மனிதர் கடனைத் திருப்பாவிட்டால், கொடுத்தவர் அவர் வாசலில் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுவார். உள்ளே இருப்பவர் அதைக் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டால் அவருடைய மதிப்பு போயிற்று. இதற்கு 'வாசல் நோன்பு' என்று அக்கா போட்டிருப்பது அருமை, அதை யாரும் தொடாதீர்கள். நோன்பு அங்கே போய்விட்ட பிறகு இங்கேயும் அதையே வைத்தால் குழப்பம்தான்.

இரண்டாவது, விரதம் நாமே எடுத்துக்கொள்வது. கெஷ் பிறப்பாலோ, பதவியாலோ, இன்னொருவர் வாயாலோ நம்மேல் வந்து விழுவது. தாராவின் அரசன் கொனரெ மோரின் கெஷ் பட்டியலைப் பாருங்கள். மூன்று சிவப்பர்கள் சிவப்பன் வீட்டுக்கு அவனுக்கு முன்னால் போகக்கூடாது. அவன் ஆட்சியில் கொள்ளை நடக்கக்கூடாது. பொழுது சாய்ந்த பின் தனியாக வரும் பெண்ணோ ஆணோ அவன் இருக்கும் வீட்டுக்குள் நுழையக்கூடாது. இதில் பாதி அவன் கையிலேயே இல்லை. சாலையில் சிவப்புக் குதிரைகளில் சிவப்பு உடையோடு மூன்று பேர் முன்னால் போகிறார்கள். மகனை விரட்டி அனுப்பிப் பின்னால் வரச்சொல்லிக் கெஞ்சிப் பார்க்கிறான். குதிரையை எவ்வளவு விரட்டினாலும் அந்தப் பையனால் அவர்களை எட்ட முடிவதில்லை. 'என்னுடைய விரதம் கெட்டது' என்று இவன் சொன்னால் அது நம் காதில் எப்படி விழும்? விடியற்காலை இட்லி தின்றுவிட்ட குற்ற உணர்வு போலத்தான்.

இதே காரணத்தால் சூளும் வஞ்சினமும் போகின்றன. இரண்டும் தானே சொல்லிக்கொள்பவை. சபதம் செய்யும் வீரர்களுக்கு 'சூள்' என்று தனி விதி எழுதலாம், அது கெஷ் அல்ல. சாபமும் ஆகாது. நம் கதைகளில் சாபம் பெரும்பாலும் ஒரு தப்புக்குப் பின்னால் வரும். கொனரெ எந்தத் தப்பும் செய்வதற்கு முன்பே அவன் பட்டியல் தயாராக இருக்கிறது.

> ஆணை என்று வைக்கலாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவர்களுக்குப் பழக்கமாக இருக்கும்.

அதனாலேயே வேண்டாம் தம்பி. அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் கெஷ் ஒரு மந்திரம். ஐந்தாம் நிலை, முப்பது நாள், மீறினால் பத்துப் பக்கப் பகடை ஐந்தை உருட்டி அடி. அதாவது மந்திரக்காரர் எதிரிக்கு இடும் கட்டளை. நம் நூலில் கெஷ் மதிப்பின் அடையாளம். ஆள் உயர உயர அது கூடும், அதிகம் சுமப்பவன் அரசன். ஆணை என்று எழுதினால், அங்கிருந்து வருபவர்கள் இந்த அதிகாரத்தையே படிக்காமல் 'தெரிந்ததுதான்' என்று புரட்டிவிடுவார்கள்.

சரி, தளைக்கு வருகிறேன்.

கால்விலங்கு, கட்டு என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது யாப்பிலிருந்து வரும் பொருள். சீரும் சீரும் சேரும் இடம் தளை. அது பிசகினால் 'தளை தட்டுகிறது' என்கிறோம். மரபுக்கவிதை எழுதிப் பார்த்த எவருக்கும் அது காதில் உடனே கேட்கும். வெண்பாவில் ஒரே ஒரு இடத்தில் தட்டினாலும் போதும், பாட்டே வெண்பா இல்லை என்றாகிவிடும். கொனரெயின் ஆட்சி விழுவது அப்படித்தான். இரண்டு பேர் சண்டையைத் தீர்த்துவைக்கிறான், முதல் தளை தட்டுகிறது. அவன் போகும் வழி மாறுகிறது, வழியில் அடுத்தது தட்டுகிறது. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போய் டாடர் ஆற்றங்கரையில் டா டெர்கா (அந்தச் 'சிவப்பன்') என்பவனின் விடுதியில் முடிகிறது. மீறல், முறிவு, உடைப்பு என்று தனியாக ஒரு சொல் தேட வேண்டாம், வினை தமிழிலேயே தயாராக இருக்கிறது. 'தளை பூட்டினாள்', 'தளை காத்தான்', 'தளை தட்டியது'. மூன்றாவது செயப்படுபொருள் குன்றிய வினை என்பது கூடுதல் லாபம். அந்தச் சிவப்புக் குதிரைக்காரர்கள் விஷயத்தில் கொனரெ எதையும் மீறவில்லை, தளைதான் தட்டியது.

> தளை என்றாலே அடிமைத்தளைதான் நினைவுக்கு வருகிறது. மதிப்பின் அடையாளம் என்று நீங்களே சொல்லிவிட்டு அடிமையின் சொல்லைக் கொடுக்கலாமா?

ஐயா, வந்த மறுப்புகளில் கனமானது இதுதான். மேடைத் தமிழ் அந்தச் சொல்லை அப்படிப் பழக்கிவிட்டது உண்மை. ஆனால் பனையேறுபவர் காலில் மாட்டும் தளைநாரும் தளைதானே. இரண்டு பாதத்தையும் சேர்த்துக் கட்டியிருப்பதால்தான் அவர் மேலே போகிறார், பாதி உயரத்தில் அது அறுந்தால் கதை முடிந்தது. கெஷுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குக் கிடைக்கவில்லை. அதிகாரத்தின் முதல் பத்தியில் தளைநாரைச் சொல்லிவிட்டால், அடிமை வாசனை ஓரளவு போகும். முழுக்கப் போகாது, அதற்கு நான் தயார்.

இன்னொரு குறை, நானே சொல்லிவிடுகிறேன். ழகர ளகரம் பிரியாத வாய்களில் தளையும் தழையும் ஒன்றாகும். இணைய அழைப்பில் ஆடும்போது 'தலை தட்டியது' என்றும் கேட்கலாம். கூஹுலின் கதையில் அதுவும் நடக்கத்தான் போகிறது என்பதால் பெரிய நஷ்டமில்லை.

கோப்புகளை இணைப்பவன் என்ற முறையில் ஒரு சின்ன வசதியையும் சொல்கிறேன். 'விலக்கு' வேற்றுமை ஏறினால் விலக்கை, விலக்கால், விலக்கின் என்று கடைசி உகரம் போய்விடும். தேடி மாற்றும்போது பாதி தப்பும், 'விலக்கப்பட்ட காடு' மாதிரி சம்பந்தமில்லாதவையும் மாட்டும். தளை எங்கும் தளையாகவே நிற்கும்: தளையை, தளையால், தளைக்கு.

இதிலிருந்து இன்னொரு சொல்லும் பிறக்கிறது. தம்பியின் விதியில் மிக நல்ல பகுதி இரண்டு கெஷ்கள் மோதும் இடம், அதற்குப் பெயரே வைக்கவில்லை. கூஹுலினின் முடிவு அதில்தான் இருக்கிறது. நாயிறைச்சி தின்னக்கூடாது, அவன் பெயரே குலனின் வேட்டைநாய் என்பதால். சமைக்கும் அடுப்பைக் கண்டால் தின்னாமல் தாண்டவும் கூடாது. கடைசிப் போருக்குப் போகும் வழியில் இடக்கண் குருடான மூன்று கிழவிகள் ரோவன் மரக்குச்சியில் நாயைக் கோத்து வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் ஒதுங்கிப் போகப் பார்க்கிறான். பெரிய விருந்தாக இருந்தால் நின்றிருப்பாய், ஏழைகளின் அடுப்பென்பதால் போகிறாய் என்கிறாள் ஒருத்தி. திரும்பி வருகிறான். அவள் இடக்கையால் தோள்கறியைத் தருகிறாள், அவனும் இடக்கையால் வாங்கித் தின்று, மிச்சத்தை இடத்தொடையின் கீழே வைக்கிறான். அந்தக் கையும் தொடையும் பலமிழக்கின்றன. இந்த நிலைக்கு 'தளைமுட்டு' என்று வைக்கலாமா? ஆட்டத்தை நடத்துபவர் 'தளைமுட்டு!' என்று சொன்னதும் மேசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார வேண்டும், அந்தச் சொல்லில் அந்த முட்டல் இருக்கிறது. ஃபெர்குஸுடையது தளைக்கும் பிணைக்கும் நடக்கும் மோதல். அதையும் இதே விதியில் அடக்கலாமா என்று தம்பி பார்த்துச் சொல்லட்டும்.

அருஞ்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

தளை (கெஷ்): பிறப்போ பதவியோ பிறர் சொல்லோ ஒருவர்மேல் பூட்டும் 'செய்' அல்லது 'செய்யாதே'. சில வேளை அவர் கையில் இல்லாத 'நடக்கக்கூடாது'ம் இதில் சேரும். பூட்டப்படும், காக்கப்படும், தட்டும். தானே எடுத்துக்கொள்வது சூள்.

தளைமுட்டு: ஒரு தளையைக் காத்தால் இன்னொன்று தட்டும் நிலை.

ஞாயிறு இரவு வரை மறுப்பு வராவிட்டால் இரண்டு அதிகாரங்களிலும் மாற்றிவிடுகிறேன். 'முகவிலை' (ஒருவரின் மதிப்பு கெட்டால் தரவேண்டிய ஈட்டுத்தொகை) பற்றிய சர்ச்சையைத் தயவுசெய்து இதற்குள் கொண்டுவர வேண்டாம். ஐரிஷ் மூலத்திலும் அது 'முகத்தின் விலை'தான், என்னைப் பொறுத்தவரை அது முடிந்த கதை. டியர்மிட் என்ற வீரனின் பன்றி வேட்டையை யார் எழுதுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். தன்னை அழைத்துப் போகச் சொல்லி கிரான்யா என்ற பெண் அவன்மேல் போடுவதும், பன்றியை வேட்டையாடாதே என்பதும் இரண்டு தனித் தளைகள். வரைவில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, பிரித்து எழுத வேண்டும்.