நெல் தாளில் கார்ன் டாலி பின்ன முடியுமா?

தண்டையார்பேட்டை பேத்தி:
என் பாட்டி பொன்னேரிப் பக்கத்தவர். ஈர வைக்கோலைப் பிரியாகத் திரித்து, பானை உட்காரப் பிரிமணை சுற்றுவார். இங்கிலாந்தில் அறுவடையின் கடைசிக் கதிர்களைப் பின்னிச் செய்யும் கார்ன் டாலியைப் படத்தில் பார்த்ததும் அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. மாட்டுக்கு வாங்கும் வைக்கோலில் ஐந்து தாள் எடுத்து முயன்றேன். இரண்டாவது மடிப்பிலேயே முறிகிறது. ஊறவைத்தால் நீளவாக்கில் கிழிகிறது. கோதுமைத் தாள்தான் வேண்டுமா?

மீஞ்சூர் உழவர்:
நெல்லைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. அறுவடை இயந்திரம் தாளை நசுக்கிவிடுகிறது. இங்கிலாந்திலும் இதே தொல்லைதான்; புதுக் கோதுமை ரகங்கள் குட்டை வேறு. அதனால் 1964இல் வந்த மாரிஸ் விட்ஜன் என்ற நெட்டை ரகத்தைக் கூரை வேய்பவர்களும் பின்னுபவர்களும் இன்றும் தேடி வாங்குகிறார்கள். தாளில் லேசாகப் பச்சை இருக்கும்போதே அரிவாளால் அறுக்க வேண்டும். கடைசிக் கணுவுக்கு மேல், கதிர் வரை உள்ள துண்டு மட்டுமே உதவும். தோகையை உருவிவிட்டு, காய்ந்தபின் அரைமணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பின்னுங்கள். பொங்கலுக்கு ஒரு கட்டு எடுத்து வைக்கிறேன்.

பெரம்பூர் ஆசிரியை:
ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லூட்டன், டன்ஸ்டபிள் வட்டாரத்தில் தாள் பின்னியது தொப்பிக்காக, அது வயிற்றுப்பாடு. பின்னல் பள்ளி என்ற பெயரில் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கூட்டமாக உட்காரவைத்து வேலை வாங்கினார்கள். தாள் இளக அதை வாயில் கவ்வி நனைப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. 1870களுக்குப் பிறகு சீனாவிலிருந்து மலிவான பின்னல் வந்து அந்தத் தொழிலைச் சாய்த்தது. கார்ன் டாலி அறுவடைச் சடங்கைச் சேர்ந்தது. கார்ன்வாலில் கடைசிப் பிடிக் கதிரை அறுத்தவர் அதைத் தலைக்கு மேல் தூக்கி, “கிடைத்துவிட்டது!” என்று கூவுவார். “என்ன கிடைத்தது?” என்று மற்றவர்கள் கேட்பார்கள். “கழுத்து!” என்பது பதில்; அந்தக் கடைசிப் பிடிக்கு அதுதான் பெயர். அந்தக் கதிரைப் பின்னி வீட்டில் மாட்டி வைப்பார்கள்.

தண்டையார்பேட்டை பேத்தி:
ஐயா, கட்டு வந்து சேர்ந்தது. கதிருக்குக் கீழே ஐந்து தாளையும் கட்டி, நான்கு திசைக்கும் விரித்தேன். ஒரு திசையில் மட்டும் ஜோடி. ஜோடியில் ஒன்றை எடுத்துத் தன் துணையையும் அடுத்த தாளையும் தாண்டிப் போட்டு, கால் வட்டம் திருப்பினேன். முறியவில்லை! தாள் தீர்ந்த இடத்தில் புதுத் தாளின் மெல்லிய நுனியைப் பழையதன் குழாய்க்குள் செருகினேன், பிடித்துக்கொண்டது. ஒரு சாண் வந்திருக்கிறது. இன்னொரு கட்டு கிடைக்குமா?