புதுப்பிப்பு: ஜெல்லிஃபின் சர்வரை வெளியிலிருந்து பார்ப்பது – தீர்ந்தது

வீட்டு ஜெல்லிஃபின் சர்வரை (நம் படங்களை நாமே ஸ்ட்ரீம் செய்யும் மென்பொருள்) வெளியிலிருந்து பாதுகாப்பாக அணுக வழி கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

போர்ட் ஃபார்வர்டிங் (ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து வெளி இணைப்பை வீட்டு சர்வருக்கு அனுப்புவது) பலிக்கவில்லை. ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது சிஜிநாட், அதாவது ஒரே பொது ஐபியை இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது. எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. முதலில் அதைப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி.

கைகொடுத்தது, சின்ன விபிஎஸ் (வாடகை இணைய சர்வர்) ஒன்றில் வயர்கார்டு (விபிஎன் மென்பொருள்) வைக்கும் யோசனை. வீட்டு சர்வரே விபிஎஸ்ஸின் யுடிபி 51820 போர்ட்டுக்கு இணைகிறது; வெளியில் இருக்கும் போனும் வயர்கார்டு செயலி வழியாக அங்கேயே இணைகிறது. பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் (எத்தனை நொடிக்கு ஒருமுறை சிறு பாக்கெட் அனுப்ப வேண்டும் என்ற அமைப்பு) 25 வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். ஜெல்லிஃபினின் 8096 போர்ட்டை இணையத்துக்குத் திறக்கவே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

எதிர்பாராதது: மொபைல் டேட்டாவில் லாகின் பக்கம் வந்தது, படம் மட்டும் ஓடவில்லை. வயர்கார்டின் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1420-இலிருந்து 1280 ஆக்கியதும் சரியானது. வயர்கார்டு செயலி போட முடியாத டிவிக்கு மட்டும் இந்த வழி நேரடியாக ஒத்துவராது.