சிவப்பு எரிந்தால் வெள்ளை எரிவதில்லை: கொலு விளக்குக்கு எந்த ரெசிஸ்டர்?

தஞ்சைப் பெண்:
கொலுவுக்கு அட்டைக் கோயில் ஒன்று செய்திருக்கிறோம். பிராகாரத்தைச் சுற்றி ஆறு வெள்ளை எல்.இ.டி., கோபுர உச்சியில் இரண்டு சிவப்பு. 12 வோல்ட் அடாப்டர். கடையில் "12 வோல்ட்டுக்கு 470 ஓம்தான்" என்று, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் நாலைந்து தந்தார்கள். எட்டு விளக்கையும் பக்க இணைப்பில் சேர்த்து, மொத்தத்துக்கும் அந்த ரெசிஸ்டரில் ஒன்றை மட்டும் போட்டேன். சிவப்பு பளிச்சென்று எரிகிறது. வெள்ளை ஒன்றுகூட எரியவில்லை. சிவப்பைக் கழற்றினால் வெள்ளை மங்கலாக எரிகிறது. எதில் பழுது?

மின்மினி:
பழுது எதுவும் இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக 680 ஓம் போடுங்கள், எரியும்.

பழைய ரேடியோ:
எரியும்தான். ஆனால் எட்டு ரெசிஸ்டர் எதற்கு? அடாப்டர் தரும் மின்சாரத்தில் பெரும்பகுதி அவற்றைச் சூடாக்கவே போய்விடும்.

சகோதரி, சிவப்புக்கு 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3.1 வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் சிவப்பு மின்னழுத்தத்தை 2 வோல்ட்டிலேயே பிடித்து நிறுத்திவிடும். வெள்ளைக்கு அது எட்டாது. சிவப்பைக் கழற்றினால், ஒற்றை விளக்குக்கான மின்னோட்டத்தை ஆறு பேர் பங்கு போடுகிறார்கள். கடையில் சொன்ன 470 ஒரே ஒரு விளக்குக்கான கணக்கு. எத்தனை விளக்கு, என்ன நிறம் என்று கேட்காமல் ஓம் சொல்பவரை நான் நம்புவதில்லை.

வெள்ளையை மும்மூன்றாகத் தொடரில் கட்டுங்கள். ஒன்றின் குட்டைக் கால் அடுத்ததன் நெட்டைக் காலோடு சேர வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து 9.3 வோல்ட். 12இல் மிச்சம் 2.7. அதை, விளக்கில் ஓட வேண்டிய மின்னோட்டமான 15 மில்லி ஆம்பியரால், அதாவது 0.015ஆல், வகுத்தால் 180 ஓம்: ரெசிஸ்டர் மேல் உள்ள வண்ணக் கோடுகள் பழுப்பு, சாம்பல், பழுப்பு. சிவப்பு இரண்டும் தனித் தொடர். மிச்சம் 8 வோல்ட், விடை 533. கடையில் கிடைப்பது 560.

வாங்குவதற்கு முன் ஒன்று. அடாப்டர் கையில் கனமாக இருக்கிறதா? பழைய டிரான்ஸ்பார்மர் வகையில் 12 என்று அச்சிட்டிருக்கும். சுமை குறைவாக இருந்தால் 15, 16 வோல்ட்கூடத் தரும். அதில் 180 ஓம் போட்டால் வெள்ளை கருகிவிடும். மல்டிமீட்டரில் அளந்து சொல்லுங்கள்.

தஞ்சைப் பெண்:
கனமானதுதான் ஐயா. பழைய மோடத்தோடு வந்தது. 16.4 காட்டுகிறது.

பழைய ரேடியோ:
அப்படியானால் வெள்ளைக்கு மிச்சம் 7.1 வோல்ட். வகுத்தால் 473. உங்களிடம் இருக்கும் 470ஐயே தொடருக்கு ஒன்றாகப் போடுங்கள், புதிதாக வாங்க வேண்டாம். சிவப்புக்கு மட்டும் 820 ஓம்: சாம்பல், சிவப்பு, பழுப்பு. அதில் 0.19 வாட் வெப்பமாகும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனாலும் நன்றாகச் சுடும். கோபுர அட்டையில் ஒட்டாமல், கொலுப்படிக்குப் பின்னால் தொங்க விடுங்கள்.