புதுப்பிப்பு: இறுகி நின்ற கேனான் ஏஇ-1 மீண்டும் இயங்குகிறது

அப்பாவின் கேனான் ஏஇ-1 கேமராவில் ஃபிலிம் சுற்றும் லீவரும் ஷட்டர் பொத்தானும் அசையவில்லை என்று சென்ற மாதம் எழுதி, அதற்கு எந்த லென்ஸ் வாங்கலாம் என்றும் கேட்டிருந்தேன். உள்ளே பற்சக்கரம் உடைந்துவிட்டது என்று நான் முடிவு கட்டியது தவறு. 1976-இல் வெளிவந்த இந்த மாடலில் ஷட்டரை விடுவிப்பது மின்காந்தம் என்பதால், 6 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. ஏற்கெனவே சுற்றி வைத்த லீவரும் அடுத்த படத்துக்கு நகராது. லீவரை வலுவாக இழுத்துப் பார்க்காதது நல்லதாயிற்று.

பேட்டரி அறையைத் திறந்தபோது தகட்டில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. பழைய பேட்டரியை எடுக்காமல் பல ஆண்டுகள் பெட்டியில் போட்டு வைத்தது என் பிழைதான். வினிகர் தோய்த்த பஞ்சுக் குச்சியால் களிம்பைக் கரைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் புதிய பேட்டரியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். 'டக்' என்று ஷட்டர் திறந்து மூடியது.

லென்ஸைப் பொறுத்தவரை, 50 மிமீ எஃப்/1.8 எஃப்டி லென்ஸையே (எஃப்டி என்பது இந்தக் கேமராவில் நேரடியாகப் பொருந்தும் கேனான் லென்ஸ் வகை) முதலில் வாங்கியிருக்கிறேன். எம்42 எனப்படும் திருகிப் பொருத்தும் வகை லென்ஸ்களை அடாப்டருடன் பொருத்தலாம் என்று சிலர் சொன்னது சரியே. ஆனால், இந்தக் கேமராவின் தானியங்கி ஒளியளவு எஃப்டி லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை மாற்றும் வளையம் 'ஏ' (தானியங்கி) நிலையில் இருந்தால்தான் இயங்கும். அந்த வசதியை இழக்க எனக்கு மனமில்லை. வாங்குமுன் கைவிளக்கை அடித்துக் கண்ணாடியில் பூஞ்சையும், துளை இதழ்களில் எண்ணெயும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அடுத்தது 28 மிமீ எஃப்/2.8.