பாலக்காட்டுப் பக்கம் பாட்டும் கூத்தும் படித்த தமிழ்ப் பிள்ளைகளே, உங்கள் கதையையும் சொல்லுங்கள்

வேலந்தாவளத்தான்:

சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியத்தில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, பாட்டு, மிருதங்கம், நாடகம், கேமரா என்று எதையாவது படிக்கப் போனவர்கள் நம்மில் கொஞ்சம் பேர் இருக்கிறோம். போன வாரம் ஒரு கல்யாணத்தில் பழைய வகுப்புத் தோழனைப் பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்து, பாயசம் ஆறிப்போகும்வரை அந்தக் காலேஜைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சரி, இங்கேயும் பேசலாமே என்று தொடங்குகிறேன்.

காலேஜ் பெயர் வேண்டாம். சின்ன இடம். ஓட்டுக் கட்டடம் இரண்டு, ஒரு மாமரம், பின்னால் சேர்த்த மீடியா பிரிவுக்கு ஒரு ஏசி ரூம். அந்த ஏசி ஒழுகும். மிருதங்க சாருக்கு மணிக்கணக்குச் சம்பளம், வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் நாங்களே மரத்தடியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்போம். குறை சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

என் கதை செக்போஸ்ட்டில் நடந்தது. மிருதங்கத்துக்குத் தோல் மூட்டு மாற்றக் கோவைக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நம் பக்கம் கள்ளுக்கும் ஸ்பிரிட்டுக்கும் எக்சைஸ்காரர்கள் பஸ்ஸில் ஏறித் துழாவுவது உங்களுக்குத் தெரியும். உறை போட்ட மிருதங்கம் தூரத்திலிருந்து பார்த்தால் கேன் மாதிரிதான் இருக்கும். "இதினகத்து எந்தா?" என்று கேட்டார். பதற்றத்தில் "காற்று சார்" என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கீழே இறக்கி உறையைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் முகம் மாறியது. "எங்கில் ஒந்நு கொட்டு" என்றார்.

பஸ் நிற்க, கண்டக்டர் முணுமுணுக்க, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து ஆதி தாளத்தில் கொஞ்சம் வாசித்தேன். மனிதர் தொடையில் தட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றார். அவர் ஊர்க் கோயிலில் செண்டை கொட்டுகிறவராம். "உங்களுக்கு ஆதி, எங்களுக்குச் செம்பட. ரெண்டும் எட்டுதான்" என்றார். அதுவரை வருடக்கணக்காக மிருதங்கம் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அப்புறம் அவரே உறையைப் போட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பெருவெம்பு பக்கம்:

பெருவெம்பு பக்கத்திலேயே இருக்க, மூட்டு மாற்றக் கோவைக்கு ஏன் போனீர்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது! மிருதங்கம், செண்டை, மத்தளம், இடக்கை எல்லாவற்றையும் வீட்டுத் திண்ணையிலேயே செய்கிற ஊர். தெருவில் நடந்தால் இந்த வீட்டில் பலாமரம் குடைவார்கள், அந்த வீட்டில் தோல் காயும். வாசனையும் இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

நான் முதல் வருஷம் செய்த முட்டாள்தனத்தை அங்கேதான் தெரிந்துகொண்டேன். பழைய மிருதங்கம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. நீளமானது, தக்கு ஸ்ருதி, அதாவது தாழ்ந்த ஸ்ருதி. ஆண் பாடகர் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடினால் அதற்குச் சரி. ஆனால் என்னை வாசிக்க உட்கார வைத்தது பெண் பிள்ளைகளின் வாய்ப்பாட்டு வகுப்பில். அவர்களுக்கு அதைவிட உயரமான ஐந்து, ஐந்தரைக் கட்டை. அது தெரியாமல் கல்லை வைத்துத் தட்டித் தட்டி ஸ்ருதியை ஏற்றினேன். ஏறிக்கொண்டே வந்தது. எனக்குப் பெருமை. திடீரென்று ஒரு சத்தம், வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், கிழிந்துவிட்டது. தம்பூராவை மடியில் வைத்திருந்த பெண் பயந்துபோய் எழுந்தே விட்டாள்.

பெருவெம்பில் அந்தப் பெரியவர் கிழிசலைப் பார்த்ததுமே, "ஆராணு பாடியது? பெண்குட்டிகளா?" என்று கேட்டார். கிழிந்த தோலைப் பார்த்துப் பாடியவர் ஆணா பெண்ணா என்று சொல்கிற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். நடுவில் இருக்கிற கறுப்புக் கரணையைச் சோறும் கல்பொடியும் குழைத்து எப்படி ஒவ்வொரு பூச்சாக ஏற்றித் தேய்க்கிறார்கள் என்று அரை நாள் உட்கார வைத்துக் காட்டினார். அவசரப்பட்டு ஒரே பூச்சாக அப்பினால் நாதம் வராது, வெறும் மரச் சத்தம்தான் வருமாம். எங்கள் சிலபஸில் இது எதுவும் இல்லை. வெளியே ஆடி மழை. "இந்நு இதை வாசிக்கண்டா" என்றார், ஈரத்தில் தோல் தளர்ந்திருக்கும் என்று. காசு பாதிதான் வாங்கினார்.

கல்பாத்தி அக்ரஹாரம்:

மிருதங்கம்னு இவ்வளவு எழுதினேள், பாலக்காடு மணி ஐயர் பேரை ஒருத்தரும் சொல்லலையே! 1912இல் பிறந்தவர், 1981இல் போனார். மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக இருந்தவர். இப்போ காலேஜில் மீடியா பிரிவு வைத்து மைக் பிடிக்கவே மூணு வருஷம் சொல்லித் தராளாம். காலம்தான். ஐப்பசித் தேருக்கு எல்லாரும் வாங்கோ, எங்காத்துல இடமிருக்கு.

வடகரப்பதி சாந்தி:

நான் வாய்ப்பாட்டு. என் பிரச்சினை எழுத்தில் தொடங்கியது.

டீச்சர் பாட்டைச் சொல்லச் சொல்ல எல்லோரும் மலையாளத்தில் எழுதிக்கொள்வார்கள். நான் தமிழில் எழுதினேன். தியாகராஜர் கிருதிகள் தெலுங்கு. தமிழில் க ஒன்றுதானே! கஜ என்பதையும் கன என்பதையும் ஒரே க போட்டு எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்துப் பார்த்துப் பாடினால் எது எப்படி என்று எனக்கே தெரியாது. "சாந்தியுடெ தியாகராஜர் கோயம்புத்தூர்க்காரர்" என்று டீச்சர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னார். சிரிப்பு. எனக்கு அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை.

தமிழில் அச்சடித்த பழைய பாட்டுப் புத்தகங்களில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று குட்டி எண் போட்டிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அது எதற்கென்று அதுவரை நான் யோசித்ததில்லை. என் மாமா வீட்டுப் பரணில் கிடந்த ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் உறைத்தது. க3 என்றால் gaவாக, கனமாகச் சொல்ல வேண்டியது. நமக்கு முன்னாலேயே யாரோ இதே அவமானத்தைப் பட்டு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்! நானும் எண் போட்டு எழுத ஆரம்பித்தேன். என் நோட்டைப் பார்த்தால் கணக்கு நோட்டு மாதிரி இருக்கும்.

அப்புறம் தமிழ்ப் பாட்டு வந்தது. இனி நம் ராஜ்ஜியம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ழ வந்த இடத்தில் டீச்சர் நிறுத்தினார். நம் கொங்குப் பேச்சுதான் தெரியுமே, பழம் என்றால் வாயில் பளம் என்றுதான் வரும். பக்கத்திலிருந்த ஒத்தப்பாலத்துப் பெண் அந்த ழவை அட்சர சுத்தமாகச் சொன்னாள். மலையாளிகள் மழ, புழ என்று தினமும் சொல்கிறவர்களாயிற்றே. தமிழ்ப் பாட்டின் ழவை நான் ஒரு மலையாளப் பெண்ணிடம் கற்றேன். பதிலுக்கு அவளுக்குப் பாட்டின் பொருள் சொல்லிக் கொடுத்தேன். அதிலும் பாதி அகராதி பார்த்துத்தான். இன்றைக்கும் போனில் அவள் என்னைக் கூப்பிடுவது "கோயம்புத்தூர் தியாகராஜரே" என்றுதான். இப்போது வலிப்பதில்லை.

சித்தூர்க் கொங்கன்:

நான் நாடகப் பிரிவு. சுருக்கமாகச் சொல்கிறேன். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதம் கொங்கன்படை நடக்குமே, கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவனை ஊர்க்காரர்கள் அம்மன் துணையோடு விரட்டிய கதை. அதை வைத்துக் காலேஜில் ஒரு நாடகம் போட்டார்கள். கொங்கன் யார் என்று ஆடிஷனே வைக்கவில்லை. நான் வாயைத் திறந்து "ஏனுங்க சார்" என்றேன், வேஷம் கிடைத்துவிட்டது. மூன்று வருஷமும் நான்தான் தோற்றேன். என் அப்பா மூன்று முறையும் வந்து பார்த்து, மூன்று முறையும் "நம்மாளு தோக்கற மாரி வேற கதையே இல்லையா?" என்று கேட்டார்.

மீட்டர்:

நான் மீடியா பிரிவு, ஒலிப்பதிவு. கல்பாத்தி அம்மா சொன்னது போல மைக் பிடிக்க மூன்று வருஷம்தான். அதிலும் பாலக்காட்டுக் காற்று இருக்கிறதே, மலைக்கு நடுவில் இருக்கிற கணவாய் வழியாக அடிக்கிற காற்று, மைக்குக்கு எத்தனை பஞ்சு சுற்றினாலும் உள்ளே புகுந்துவிடும்.

கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு எல்லோரும் பூரம், மேளம் என்று ஓடினார்கள். எனக்குச் சார் தோல்பாவைக் கூத்தைத் தள்ளிவிட்டார். ஒத்தப்பாலத்தைத் தாண்டி ஒரு கிராமம், பத்ரகாளி கோயில். கோயிலுக்கு எதிரில் கூத்து நடத்துகிற கூத்துமாடம், வெள்ளைத் துணித் திரை, அதற்குப் பின்னால் வரிசையாக 21 விளக்கு. ஊருக்கு ஊர் 7 இரவு, 14 இரவு, 21 இரவு என்று நடக்கும். நான் போனது நடுவில் ஏதோ ஒரு இரவு. மைக்கை நட்டு, ஹெட்போனை மாட்டி, லெவல் பார்க்கிறேன். முன்னால் யாருமே இல்லை. ஒரு நாய். தூணில் சாய்ந்து தூங்குகிற ஒரு பெரியவர். அவ்வளவுதான்.

ஆள் வராவிட்டாலும் கூத்து நிற்காது. தாரிகன் என்ற அசுரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் ராமனுக்கும் ராவணனுக்கும் நடந்த யுத்தத்தைக் காளி பார்க்க முடியவில்லையாம். அவள் பார்ப்பதற்காகத்தான் நடத்துகிறார்கள். மற்றவர்கள் வந்தால் வரலாம், அவ்வளவுதான்.

ஹாஸ்டலில் எனக்குப் பெயர் பாண்டி, தமிழன் என்பதைக் கிண்டலாகச் சொல்வது. விளையாட்டாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் போனில் அம்மாவோடு பேச வராந்தாவின் கடைசிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான், பாரதப்புழைக்கரையில் நடுராத்திரி ஹெட்போனில் கேட்கிறேன், தமிழ். கம்பராமாயணச் செய்யுள். முதலில் ஏதோ பக்கத்து ஸ்டேஷன் சிக்னல் கலந்துவிட்டதோ என்று கேபிளை ஆட்டிப் பார்த்தேன், சத்தியமாக! ராகம் வேறு மாதிரி, உச்சரிப்பு வேறு மாதிரி, ஆனால் கம்பன்தான். செய்யுளைச் சொல்லிவிட்டு மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்து நீளமாகப் பொருள் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வாயால் சொல்லிக் கொடுத்து வந்தது. ஆடுகிறவர்களுக்குப் பெயரே புலவர்.

மாடத்துக்குள் போகச் சம்மதம் கேட்டேன். உள்ளே எண்ணெய்ப் புகை, வெக்கை. தேங்காய் மூடியில் திரி எரிகிறது. தலைக்கு மேல் அடுத்து வர வேண்டிய பொம்மைகள் வரிசையாகச் சொருகியிருந்தன. விடிகிற நேரத்துக்கு முடிந்ததும் மூத்தவர் என் ஊரைக் கேட்டார். கொழிஞ்சாம்பாறை, வீட்டில் தமிழ் என்றேன். எழுந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தெற்றுண்டெங்கில் பறயணம்" என்றார். பாட்டில் தப்பிருந்தால் நான் சொல்ல வேண்டுமாம்! பத்தாம் வகுப்பில் மார்க்குக்காக நாலு செய்யுள் மனப்பாடம் செய்தவனிடம் அந்த மனிதர் கேட்கிறார். எனக்கே பாதி புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இருந்தது சார்" என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்தது போல நின்றார்.

அந்தப் பதிவு மூன்று மணி நேரத்துக்கு மேல். மார்க்குக்காக 9 நிமிஷமாக வெட்டிக் கொடுத்தேன். முழுசும் காலேஜ் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ஏசி ஒழுகும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, ஒருநாள் அது சரியாக அதன்மேல் ஒழுகியது. என்னிடம் மிச்சம் இருப்பது போனில் எடுத்த 40 நொடி.

வேலந்தாவளத்தான்:

மீட்டர், அந்த ஏசியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்த 40 நொடியையாவது போடுங்களேன்.

மீட்டர்:

போடலாம். ஆனால் பாதிக்கு மேல் நாய் குரைக்கிறது.

வேலந்தாவளத்தான்:

குரைக்கட்டும். அன்றைக்கு முழுசாக உட்கார்ந்து கேட்டது அது ஒன்றுதானே.